ஒன்பது வெறும் கட்டங்கள்

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பெரிய படம் தொங்குகிறது. அதில் பதினொரு கட்டங்கள். உச்சியில் வைத்தியர், அவருக்குக் கீழே இரண்டு தாதியர், பிறகு சமூகப் பணியாளர், உளவளத்துணையாளர், இயன்மருத்துவர், மருந்தாளர், சமயத் துணைக்கு ஒரு குருக்கள், ஒரு மௌலவி, ஒரு பாதிரியார், கடைசியில் சாரதி. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பெயர், பெயருக்கு மேலே சிரித்த முகம். இனி நோய் மாறாது என்று ஆஸ்பத்திரி சொல்லி அனுப்பிய நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கிற குழு இதுதான் என்று தலைப்பு சொல்கிறது. பாலசுந்தரியின் பெயர் அதில் இல்லை. எல்லாக் கட்டங்களுக்கும் அடியில், ஒரு கோட்டுக்குக் கீழே, ‘மற்றும் தொண்டர்கள்’ என்று இரண்டு சொல் இருக்கிறது. அதற்குள் எங்கோ அவளும் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் வாவிக்கு மேற்கே போய்க் கேட்டுப் பாருங்கள். வவுணதீவிலிருந்து பழுகாமம் வரைக்கும், படுவான்கரை என்கிற அந்த நீண்ட வயல்நாட்டில், இயன்மருத்துவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. உளவளத்துணையாளர் என்றால் அது என்ன சாமான் என்று கேட்பார்கள். ஸ்கூட்டியில் வருகிற பாலசுந்தரி என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். ஐம்பத்தொரு வயது, ஒல்லியான உடம்பு, அவள் தலைக்கு இரண்டு மடங்கு பெரிய ஹெல்மெட். படுக்கைப்புண்ணைக் கழுவி மருந்து கட்டுவது அவள். நாற்றம் எடுத்த புண்ணை முகம் சுளிக்காமல் துடைப்பது அவள். ஆளை நோகாமல் எப்படிப் புரட்டுவது என்று வீட்டுப் பெண்களுக்குப் பழக்குவது அவள். வயிறு இறுகிப்போன கிழவருக்குக் கையுறையைப் போட்டுக்கொண்டு குனிவதும் அவள்தான். பதினொரு வருடமாகச் செய்கிறாள், இன்றைக்கும் தொண்டர்தான்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய மனிசன். நெல் லொறியில் மூட்டை ஏற்றப் போகிறவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, வெறும் பனடோலோடு மூன்று கிழமை கிடந்து கத்திக் கத்திச் செத்தார். மோர்பின் என்று ஒரு மருந்து இருக்கிறது, பாணியாகக் குடிக்கக் கொடுக்கலாம், வீட்டிலேயே வைத்துக் கொடுக்கலாம் என்று அவர் செத்து எட்டு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது. அன்றைக்கு அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடுதான் போய்ப் பெயரைப் பதிந்தாள், பத்து நாள் பயிற்சியும் எடுத்தாள்.

குழு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பயிற்சியில் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தாதிதான் நடுத்தூண். அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், நோயாளியைக் கண்ணால் கண்டு, வலி எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் எண். வைத்தியர் அவளுக்குப் பின்னால் நிற்பார், அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். மற்றவர்கள் தேவை வரும்போது வருவார்கள். தொண்டர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கேட்கும்போது எவ்வளவு அழகு.

நடந்ததைக் கேளுங்கள். வைத்தியர் ஷிஹான் பெரியாஸ்பத்திரியில் நாள் முழுக்க மாடாய் உழைக்கிற மனிதர், இந்தக் குழுவுக்கு அவர் செவ்வாய்க்கிழமை அரைநாள். தாதியர் இருவரில் எழுவான்கரைக்கு, அதாவது வாவிக்குக் கிழக்குப் பக்கம் முழுவதற்கும், பஹீமா. ஏறாவூரிலிருந்து காத்தான்குடி தாண்டியும் ஓடித் திரிகிறவள், மதியச் சோற்றை வான் வண்டிக்குள்ளேயே சாப்பிடுகிறவள், அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். படுவான்கரைக்குத் தக்சிகா. இருபத்தேழு வயது, படித்த பிள்ளை, கணினியில் கை பறக்கும். பிடித்தது சனியன் அங்கேதான். அவள் வேலைக்கு வந்து நாலு மாதம் பாலம் தாண்டிப் போய் வந்தாள். அதற்குள் அலுவலகத்தில் அறிக்கை எழுதுகிறவர் விலகிவிட, இணைப்பாளர் துசாந்தன் இவளை ஒரு இரண்டு மாதத்துக்கு என்று உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குத் தற்காலிக இணைப்பு என்று பெயர். இந்த நாட்டில் எத்தனை பள்ளிக்கூடத்தையும் மருந்தகத்தையும் இந்த இரண்டு சொல் விழுங்கியிருக்கிறது என்று எண்ணினால் எண்ணி முடியாது. இரண்டு மாதம் இரண்டரை வருடம் ஆயிற்று. படுவான்கரைக்கு வேறு தாதி போடச் சொல்லிக் கேட்டால், அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறதே, வெற்றிடம் இல்லையே என்று பதில் வரும். ஆள் இருக்கிறாள்தான். அவளுடைய கதிரை வாவிக்கு இந்தப் பக்கம், குளிரூட்டி போட்ட அறைக்குள் இருக்கிறது.

தாதி போகாத கரைக்குத் தாதியின் வேலையும் சேர்ந்து பாலசுந்தரியின் தலையில் விழுந்தது. அதற்கும் ஓர் ஒழுங்கு செய்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கும். பாலசுந்தரி போய்ப் புண்ணின் அளவு, குடித்த தண்ணீர், போன மலம் எல்லாம் அதில் எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தக்சிகாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். தக்சிகா அதைப் பார்த்து அலுவலகக் கோவையில் ஏற்றுவாள். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் பாலசுந்தரி தொடக்கூடாது. வலிக் கட்டம். அது தகுதி உள்ளவர் அளந்து எழுத வேண்டியது, தொண்டர் எழுதினால் பிழை என்று துசாந்தன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சரி என்று அவளும் அதை வெறுமையாகவே விட்டாள். எண்ணை எழுதாமல் வாயால் சொல்லி, குரல் பதிவாக அனுப்பினாள். சொன்ன எண்ணைத் தக்சிகா எழுதுவாள், அதை டொக்டர் பார்ப்பார் என்று நம்பினாள். அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

பழுகாமத்துக் கனகசூரியம் அவளுடைய கைக்கு வந்தது சித்திரை கழிந்த பிறகு. முப்பது வருடம் ஒரு போடியாரின், அதாவது பெரிய நிலக்காரரின், வயல்வட்டையில் முல்லைக்காரராக இருந்த மனிதர். விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை வயலிலேயே நின்று, ஆட்களை வைத்து வேலை வாங்கி, வேளாண்மையைக் கரை சேர்க்கிற பொறுப்பு அது. அவர் ஒரு சத்தம் போட்டால் அடுத்த வட்டையில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். வெற்றிலையும் புகையிலையும் அந்த வாயைத் தின்றுவிட்டது. கன்னம் ஓட்டை விழுந்து, நாக்கு அசையாமல், பேச்சு நின்றுபோயிற்று. மூக்குக்குழாய் வழியாகத்தான் கஞ்சித்தண்ணீரும் மோர்பின் பாணியும். அப்படியும் குறும்பு விடவில்லை. பாலசுந்தரி ஹெல்மெட்டோடு வாசலில் நின்றால், தன் தலையில் கையால் ஒரு பெரிய பானையைக் கவிழ்த்துக் காட்டிக் கண்ணால் சிரிப்பார்.

வலி எவ்வளவு என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார். அவள்தான் பழக்கியது. முதல் கிழமை ஐந்து விரல். பிறகு ஆறு. ஐந்தாம் கிழமை ஏழு, அடுத்தது எட்டு. ஒவ்வொரு வெள்ளியும் அவள் குரல் பதிவு அனுப்பினாள். ஒவ்வொரு திங்களும் மருந்தகத்தில் அதே அளவு மருந்துதான் கிடைத்தது. டொக்டர் தெரியாமலா தருகிறார், கூட்டினால் மூச்சுக்கு ஏதும் ஆகிவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கனகசூரியத்தின் மனைவி கண்ணகைக்கும் அதையே சொன்னாள். பிறகு அவள் தன்னையே நொந்துகொண்டது இதற்காகத்தான். அப்போது தெரியாத ஒரு பொய்யைத் தன் வாயாலேயே பூசி மெழுகியிருக்கிறாள்.

ஒன்பதாம் வெள்ளிக்கிழமை அவள் போனபோது கனகசூரியம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். பானை கவிழ்க்கவில்லை. வலியைக் கேட்டதற்கு இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்தார். நெற்றியில் தோல் உரிந்திருந்தது. தலையைச் சுவரில் முட்டுகிறார், தலையணையை இடையில் வைத்தால் பிடுங்கி எறிகிறார் என்று கண்ணகை சொன்னாள். சொல்லிவிட்டுப் பாலசுந்தரியைக் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போனாள். முதல்நாள் மத்தியானம் அந்த மனிதர் கட்டிலைப் பிடித்துப் பிடித்து, களஞ்சிய அறை வாசல் வரை தவழ்ந்து போயிருக்கிறார். உள்ளே களைக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் இருந்தது.

“போத்தல அடுத்த வீட்ட குடுத்திட்டன்” என்றாள் கண்ணகை. “மறுகா அவர் என்னப் பாத்த பார்வ இரிக்கே, ஏன் எடுத்தாய் எண்டு கேக்கிற பார்வ. நான் என்னத்தக்கா சொல்ற அவருக்கு.”

 ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயல் வழியே வந்த பாலசுந்தரி, பாதி வழியில் நிறுத்தி, மதகுக் கட்டில் குந்தியிருந்து அழுதாள். கத்திச் செத்த தன் மனிசனும், கத்தவும் வாய் இல்லாத இந்த மனிதரும் அவளுக்கு ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். இவரை அப்படிச் சாகவிட மாட்டேன் என்று அன்றைக்கு அந்த மதகில் முடிவெடுத்தாள்.

திங்களன்று மருந்தகத்து வரிசையில் பஹீமா அவளைக் கண்டு பக்கத்தில் வந்தாள். தன் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி அலுத்துக்கொண்டாள். பிறகு, உங்கட பழுகாமத்து ஆள் நல்லா இருக்கிறார்போல, ஒன்பது கிழமையாக வலி இரண்டிலேயே நிற்கிறதே, மாதாந்தக் கூட்டத்தில் எல்லோரும் கையைத் தட்டினோம் என்றாள். நல்ல மனதோடு சொன்னாள். பாலசுந்தரி வரிசையை விட்டு விலகி வந்தாள். இரண்டா என்று திருப்பிக் கேட்டாள். ஓம், இரண்டுதான், கோவையில் நானே பார்த்தேன் என்றாள் பஹீமா.

அங்கிருந்து நேரே அலுவலகம். தக்சிகாவின் மேசைக்கு முன்னால் நின்று, பழுகாமத்துக் கோவையைக் காட்டச் சொன்னாள். அந்தப் பிள்ளை முதலில் மறுத்தது, பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பியது. ஒன்பது வரி. ஒன்பதிலும் இரண்டு. பக்கத்திலே ‘வலி கட்டுப்பாட்டில் உள்ளது’. அதற்குப் பக்கத்திலே ‘நேரில் பார்வையிட்டவர்: தக்சிகா’.

பாலசுந்தரி சத்தம் போடவில்லை. நான் அனுப்பினதைக் கேட்டாயா என்று மட்டும் கேட்டாள். கேட்டதாகத் தலையாட்டினாள் தக்சிகா. அவளுடைய கண் நிறைந்துவிட்டது.

“நாலுக்கு மேல போட்டா, நேர்ஸ் ஒரு நாளைக்குள்ள நேரில போகோணும் எண்டு அந்தப் படிவத்திலேயே இரிக்கி அன்ரி. போறன் எண்டு கேட்டா, அறிக்கை கிடக்கு, வான் இல்ல எண்டு சேர் சொல்றார். போகாம ஏழு எண்டு போட்டா நான்தான் மாட்டுப்படுவன். அதான்.”

அதான். ஒரு மனிதர் சுவரில் தலையை முட்டுகிறார், அதற்குக் காரணம் ஒரு ‘அதான்’. யாரும் கொடுமைக்காரர் இல்லை, கேளுங்கள். படிவம் நல்ல படிவம், வலி கூடினால் தாதி போக வேண்டும் என்று அதைவிட நல்லதாக யார் எழுதுவார்கள். பிள்ளை பயந்த பிள்ளை. அவளைப் போகவிடாமல் வைத்துக்கொண்டு, போகாததற்கு அவளையே பிழைகாரியாக்கும் ஓர் ஒழுங்கு. அந்த ஒழுங்கில் மனிதர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி நின்றார்கள். கடைசியில் எண்தான் வளைந்து கொடுத்தது.

துசாந்தன் தன் அறையிலிருந்து வெளியே வந்து, அக்கா உட்காருங்கள், தேத்தண்ணி குடியுங்கள் என்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும், எப்போதும் சுத்தமாக மடித்த சட்டைக்கை, எப்போதும் இனிமையான குரல். புதன்கிழமை கொழும்பிலிருந்து மதிப்பீடு செய்ய ஆள் வருகிறது, அது முடியட்டும், அடுத்த கிழமையே தக்சிகாவைப் பழுகாமத்துக்கு அனுப்புகிறேன் என்றார். ஒரு கிழமை பொறுக்கச் சொன்னார். அந்த ஒரு கிழமையில் கனகசூரியம் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், வலியை அளப்பதற்கு உங்களுக்குத் தகுதி இல்லை, அதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

“அளக்க எனக்குத் தகுதி இல்ல, சரி தம்பி” என்றாள் பாலசுந்தரி. பதினொரு வருடமாகச் சேர் என்று கூப்பிட்ட வாய் அது. “விரல் எண்ண எனக்குத் தெரியும். அவர் பத்துக் காட்டினவர்.”

மறுநாள் செவ்வாய். தொண்டர்கள் டொக்டரை நேரே பார்க்கக்கூடாது என்பது குழுவின் வழமை. எது என்றாலும் தாதிக்கு, தாதி இணைப்பாளருக்கு, இணைப்பாளர் டொக்டருக்கு. அந்த ஏணியில் ஏறி ஏறித்தான் ஏழு இரண்டாகிப் போனது. பாலசுந்தரி காலை ஏழு மணிக்கே கிளினிக் வாங்கில் போய் உட்கார்ந்தாள். நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டதற்குக் கனகசூரியம் என்றாள், ஆள் எங்கே என்றதற்குப் பழுகாமத்தில் என்றாள். வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. பதினொன்றரைக்கு, வைத்தியர் ஷிஹான் கை கழுவ எழுந்த நேரம் பார்த்து உள்ளே போய் நின்றாள்.

அவர் கோவையைத் திறந்து பார்த்தார், இரண்டு என்று இருக்கிறதே என்றார். அவள் தன் தொலைபேசியில் இருந்த வீட்டுக் கொப்பிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாவற்றிலும் வலிக் கட்டம் வெறுமை. பிறகு தான் அனுப்பிய குரல் பதிவுகளையும் போட்டாள். வைத்தியரின் முகம் மாறியது. ஆனாலும் அவருக்கும் ஒரு கட்டு இருந்தது. மோர்பின் கட்டுப்பாட்டு மருந்து, ஒரு தொண்டரின் வாய்ச்சொல்லை வைத்துக் கூட்டி எழுதினால் நாளைக்கு நான் பதில் சொல்ல வேண்டும், ஆளைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். கன்னத்தில் ஓட்டையோடு, ஆட்டோவில், அந்தக் குண்டும் குழியுமான வீதியிலா என்று அவள் கேட்டாள். 

பிறகு அவளுக்குக் கண்ணகையின் தொலைபேசி ஞாபகம் வந்தது. கட்டாரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது, தினமும் பின்னேரம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. பாலசுந்தரி வீடியோவில் அழைத்தாள். கண்ணகை எடுத்து, கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். வைத்தியர் குனிந்து, ஐயா, நான் டொக்டர், வலி எவ்வளவு என்று காட்டுங்கள் என்றார். திரை முழுக்கப் பத்து விரல். அந்த விரல்களுக்குப் பின்னால் உரிந்த நெற்றி. வைத்தியர் மூச்சு எண்ணிக்கையைப் பார்த்தார், நித்திரை எப்படி, மலம் எப்படி என்று கண்ணகையிடம் நாலு கேள்வி கேட்டார், பேனையை எடுத்து அளவைக் கூட்டி எழுதினார். இடையில் வலி கிளம்பினால் கொடுக்க இன்னொரு அளவும் எழுதினார். சுவர் மணிக்கூட்டைப் பாலசுந்தரி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம்.

எழுதி முடித்து, இதை ஏன் இவ்வளவு நாளும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று வைத்தியர் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

“நீங்களும் கேக்கல்லையே டொக்டர்” என்றாள் பாலசுந்தரி. “ஒம்பது கிழமையும் ரெண்டு. வாய்ப் புத்துநோய். உங்களுக்கு ஒரு சந்தேகம் வரல்லையா?”

வைத்தியர் மறுபடி பேனையை எடுத்தார். மருந்தை இன்றைக்கே கொடுக்கும்படி இன்னொரு துண்டு எழுதிக் கையில் கொடுத்தார். அந்தத் துண்டோடு மருந்தகம், அங்கிருந்து பட்டிருப்புப் பாலம், பின்னேரம் மூன்று மணிக்குப் பழுகாமம். நாலரைக்கெல்லாம் கனகசூரியத்தின் கால் விரல்கள் நிமிர்ந்தன. அதுவரை அவை மடங்கியே இருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள். அவர் நித்திரையானதும் கண்ணகை குசினிக்குள் போய், ஒன்பது கிழமைக்குப் பிறகு தனக்கென்று ஒரு மீன் குழம்பு வைத்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் துசாந்தனின் அழைப்பு வந்தது. நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்றார். நாளைக்கு மதிப்பீட்டுக்கு வருகிற அம்மா, முன்கூட்டி அனுப்பிய கோவைகளைப் புரட்டிப் பார்த்து, ஒன்பது கிழமை வலி இரண்டிலேயே நின்ற பழுகாமத்து வீட்டைத்தான் நேரில் பார்க்கத் தெரிவு செய்திருக்கிறாராம். இனிப் பழைய கதையைக் கிளற வேண்டாம் என்றார். அடுத்த கிழமை மருந்தும் இந்த அலுவலகத்தின் வழியாகத்தான் வரவேண்டும், வீண் சிக்கல் வந்தால் கஷ்டப்படுவது நோயாளிதானே என்று அதே இனிமையான குரலில் சொல்லி வைத்தார்.

அன்றிரவு முழுக்கப் பாலசுந்தரிக்கு அதே யோசனைதான். வாயைத் திறந்தால் மருந்துக்கு இடைஞ்சல். வாயை மூடினால் அந்த இரண்டு உண்மையாகிவிடும். வவுணதீவில் மார்பு நோயோடு ஒரு பெண் இருக்கிறாள், போன வெள்ளி அவள் ஆறு காட்டினாள். அவளுடைய கோவையில் என்ன எண் இருக்கும் என்று பாலசுந்தரிக்கு இப்போது கேட்காமலே தெரியும்.

புதன்கிழமை பத்து மணிக்கு வான் வந்து நின்றது. எட்டுப் பேர் இறங்கினார்கள். இயன்மருத்துவர் வந்தார், உளவளத்துணையாளர் வந்தார், சமூகப் பணியாளர் வந்தார், தக்சிகா புது வெள்ளைச் சட்டையில் வந்தாள். கண்ணகை பக்கத்து வீட்டுக்குக் கதிரை கேட்டு ஓடினாள், இத்தனை பேரும் யார் என்று பாலசுந்தரியிடம் மெல்லக் கேட்டாள். உங்களைப் பராமரிக்கிற குழு என்று பாலசுந்தரி சொன்னாள். கண்ணகை அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். புண் கட்டிக்கொண்டிருந்த பாலசுந்தரியைத் துசாந்தன் ஓரமாகக் கூப்பிட்டு, இடம் நெருக்கமாக இருக்கிறது, கொஞ்சம் கிணத்தடியில் நில்லுங்கள் என்றார்.

மதிப்பீட்டுக்கு வந்த அம்மா அறுபது தாண்டியவர், தானும் நெடுங்காலம் தாதியாக இருந்தவர் என்பது அவர் கனகசூரியத்தின் தலையணையைச் சரிசெய்த விதத்திலேயே தெரிந்தது. இப்போது வலி எவ்வளவு என்று கேட்டார். கனகசூரியம் இரண்டு விரல் காட்டினார். துசாந்தனின் முகம் மலர்ந்தது, தொடர்ந்து பராமரித்ததின் பலன் என்றார். அம்மா வீட்டுக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். புரட்டினார். கோவையின் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்தக் கட்டங்கள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்று கேட்டார்.

தக்சிகா தரையைப் பார்த்தாள். துசாந்தன் முந்திக்கொண்டார். எண்ணை நேரே கோவையில் ஏற்றுவதுதான் நடைமுறை, வீட்டுக் கொப்பி சும்மா ஒரு துணைப் பதிவு என்றார். அம்மா அரைமனதோடு தலையசைத்து, கொப்பியை மூடப் போனார்.

கிணத்தடியில் நின்றவளுக்குச் சன்னல் வழியே எல்லாம் கேட்டது. கை ஈரத்தைத் துடைக்காமலே உள்ளே வந்தாள். “இண்டைக்குத்தான் ரெண்டு” என்றாள். “வெள்ளிக்கிழமை பத்து. நேர்ஸ் இந்த வீட்டுக்கு இண்டைக்குத்தான் முதன்முதல் வாறா.”

இவர் ஒரு தொண்டர், வலியை மதிப்பிடப் பயிற்சி இல்லாதவர் என்று துசாந்தன் சிரித்துக்கொண்டே அம்மாவுக்கு விளக்கினார். அப்போது கட்டில் சட்டத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. கனகசூரியம் தட்டுகிறார். தட்டிய கையை நீட்டிக் கொப்பியைக் கேட்டார். அம்மா கொடுத்தார். எழுதுகிற மாதிரிக் காற்றில் விரலை அசைத்தார். பாலசுந்தரி தன் பேனையைக் கொடுத்துவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தினாள்.

முதல் கிழமையின் கட்டத்தைத் தேடி எடுத்து, ஐந்து என்று எழுதினார். பக்கத்தைப் புரட்டி ஆறு. மறுபடி ஆறு. பிறகு ஏழு, ஏழு. எண்கள் ஒவ்வொன்றும் கட்டத்துக்குள் அடங்கித்தான் நின்றன. எட்டு. ஒன்பது. ஒன்பது. அறையில் எட்டுப் பேரும் அந்தப் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசிக் கட்டத்தில் அவர் பத்து என்று எழுதும்போது துசாந்தனுக்குப் பொறுக்கவில்லை. அம்மா, இது செல்லாது, இந்தக் கட்டம் நோயாளி எழுதுகிற கட்டம் இல்லை என்றார்.

வாசலில் கதிரையோடு நின்ற கண்ணகை அதை அப்படியே கீழே வைத்தாள்.

“அப்ப நொந்தது ஆருக்குத் தம்பி?” என்று கேட்டாள்.